எண்ணெய்க்குள் ஒளிந்திருப்பதை எப்படிக் காண்கிறார்கள்?

உங்கள் குசினியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். மூடியைத் திறந்து காறல் வாடை வருகிறதா என்று முகர்வீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். கண், மூக்கு, நாக்கு ஆகிய மூன்றும் சரி என்று சொன்னால் எண்ணெய் சட்டிக்குப் போகும். நம் உம்மாமாரும் உம்மும்மாமாரும் இப்படித்தான் எண்ணெய் தேர்ந்தார்கள். அதில் பிழை எதுவும் இல்லை.

ஆனால், இந்த மூன்றுக்கும் அகப்படாத ஒன்று எண்ணெய்யில் இருக்க முடியும். நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியும் இல்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் பேசப்பட்ட விஷயம் அதுதான். நோன்புக்கு இரண்டு வாரங்களே இருந்தன. சமூசாவுக்கும் ரோல்ஸுக்கும் எண்ணெய் வாங்கி வைக்கும் காலம். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான தேங்காய் எண்ணெய்யில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அறிவித்தது, சுங்கத் திணைக்களம் தடுத்தது, எண்ணெய்யைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. நமது மாவட்டத்துத் தங்கொட்டுவையில் சந்தேகத்துக்குரிய எண்ணெய்யோடு இரண்டு பவுசர்கள் பிடிபட்டதும் அப்போதுதான்.

அந்த வாரம் முந்தலில் நான் பாடம் நடத்தும் பெண்கள் வகுப்பில் கிதாபைத் திறக்கவே விடவில்லை. ஒரு சகோதரி கேட்டார்: “ஹஸ்ரத், நிறமும் இல்லை, மணமும் இல்லை என்றால், அது அங்கே இருக்கிறதென்று அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?”

மிக நல்ல கேள்வி. பத்திரிகைகள் யார் இறக்குமதி செய்தார்கள், யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதின. இந்தக் கேள்வியைத் தொட்டவர்கள் குறைவு. என்னிடம் ஓதிய ஒரு மாணவரின் மூத்த சகோதரி கொழும்பில் உணவுப் பரிசோதனை ஆய்வுகூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக இரசாயனவியலாளராகப் பணிபுரிகிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஊருக்கு வந்தபோதெல்லாம் அவரிடம் பேசினேன். தெங்கு ஆராய்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடமும் பேசினேன். அவர்கள் சொன்னதை உங்களுக்கு விளங்கும்படி தருகிறேன்.

வான்கோழிகள் காட்டிக்கொடுத்த நஞ்சு

1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிப் போனால், எல்லாக் குஞ்சுகளும் தின்ற தீனியில் பிரேசிலில் இருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு இருந்தது. அதில் அஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்திருந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் படியும் பூஞ்சணம் அது. முதற்சொல்லின் ‘அ’வையும் இரண்டாம் சொல்லின் ‘ஃப்ள’வையும் எடுத்து, நஞ்சு என்ற பொருள்படும் ‘டொக்சின்’ என்பதைச் சேர்த்து அஃப்ளடொக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் புண்ணாக்கில் இருந்து நஞ்சை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு வித்தையால்தான். கறுப்பு மையுள்ள பெல்ட் பேனாவால் டிஷ்யூ தாள் ஒன்றின் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி நனையாமல், தாளின் நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிடுங்கள். தண்ணீர் மெதுவாக மேலே ஏறும், மையும் அதனோடு ஏறும். சிறிது நேரத்தில் கறுப்புப் புள்ளி நீலமாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். (தண்ணீரில் கரையாத மை என்றால் அசையாது, வேறு பேனாவை எடுங்கள்.) கறுப்பு என்று நாம் நினைத்தது பல நிறங்களின் கூட்டு. தாளோடு ஒட்டிக்கொள்ள விரும்பும் நிறம் பின்தங்குகிறது, தண்ணீரோடு போக விரும்பும் நிறம் முந்துகிறது. பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவர்கள் மறக்கமாட்டார்கள்.

இதைக் குரோமடோகிராபி என்கிறார்கள். நிறத்தால் எழுதுதல் என்பது கிரேக்க மொழியில் அதன் பொருள். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அதன் வழியே இலைச்சாற்றை ஓடவிட்டார். பச்சை ஒரு வளையமாகவும் மஞ்சள் வேறொரு வளையமாகவும் பிரிந்தன. 1906இல் அவர்தான் இந்தப் பெயரை வைத்தார். ரஷ்ய மொழியில் அவருடைய பெயரின் பொருளும் நிறம் என்பதுதான்!

வான்கோழித் தீனியின் சாற்றையும் இப்படித்தான் மெல்லிய படலத்தில் ஏறவிட்டார்கள். ஏறிய பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த நஞ்சுக்கு நிறம் கிடையாது. இருட்டறையில் புறஊதா விளக்கை அதன் மேல் பிடித்தார்கள். சில புள்ளிகள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன! நீலத்துக்கும் பச்சைக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டே இன்றும் அவற்றை பீ1, பீ2, ஜீ1, ஜீ2 என்று அழைக்கிறார்கள். இவற்றுள் மிகக் கொடியது பீ1.

வகுப்பில் சகோதரி கேட்ட கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. முதலில் பிரிக்க வேண்டும், அதன்பின் ஒளியைக் கொண்டு கேட்க வேண்டும். பிரிக்காமல் ஒளியைப் பாய்ச்சினால் எண்ணெய்யின் ஆயிரம் பொருள்களும் ஒன்றாகக் கூச்சலிடும், எது எதன் குரல் என்று தெரியாது.

பன்னீர்ச் செம்பும் ஆய்வுகூடமும்

பிரித்தெடுத்தல் என்பது நமக்குப் புதியதல்ல என்று அந்தச் சகோதரியிடம் சொன்னேன். கலியாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் எப்படி வருகிறது? ரோஜா இதழ்களைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிரச் செய்து, சொட்டுச் சொட்டாகப் பிடிப்பதால் வருகிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி வாசனைத் திரவியங்களைப் பற்றியும் வடித்தலைப் பற்றியும் தனி நூலே எழுதியிருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உண்டு. விலை கூடிய வாசனைகளுக்கு மலிவான மாற்றுச் செய்யும் வழிகளும் அதில் உண்டு என்பது சுவையான செய்தி. வடிக்கும் பாத்திரத்துக்கு அரபியில் அல்அன்பீக். ஐரோப்பியர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அவர் சிரித்துக்கொண்டு, “ஹஸ்ரத், பன்னீர் வடிக்கிறது சுகம். கொதிக்கிற சூடு வேற வேற என்டா பிரிச்சிடலாம். எங்கட வேல, வைக்கோல் போருக்குள்ள ஒரு ஊசியத் தேடுறதுக்கும் மேல” என்றார்.

எவ்வளவு மேல் என்று கணக்குச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் நிலக்கடலை போன்றவற்றில் அனுமதிக்கும் மொத்த அஃப்ளடொக்சின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதாவது, 20 தொன் கொள்ளும் பவுசர்கள் ஐம்பதை வரிசையாக நிறுத்தி, அந்த ஐம்பதிலும் சேர்த்து ஒரே ஒரு தேக்கரண்டி சீனியைக் கரைத்தால் வரும் அளவு! அதற்கு மேல் போனால் கண்டுபிடிக்க வேண்டும், போகாவிட்டால் போகவில்லை என்று கையெழுத்திட வேண்டும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய்யில் கொஞ்சத்தை எடுத்து, மெதனோலும் நீரும் கலந்த திரவத்தோடு குலுக்குவார்கள். நஞ்சு எண்ணெய்யை விட்டு அந்தத் திரவத்துக்கு இடம் மாறும். அதை ஒரு சிறு குழாயின் வழியே விடுவார்கள். அஃப்ளடொக்சினை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள் அதற்குள் இருக்கின்றன. மற்றவை கழுவிப் போய்விடும். பிடிபட்டதை விடுவித்து, நுண்ணிய தூள் இறுக நிரப்பிய ஒரு சாண் நீள உருக்குக் குழாய்க்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துவார்கள். டிஷ்யூ தாளில் மை பிரிந்ததைப் போலவே இங்கும் நான்கும் பிரியும். வழக்கமான முறையில் ஜீ2 முதலிலும் பீ1 கடைசியிலும் வெளியேறும். வாசலில் புறஊதா ஒளி காத்திருக்கும். ஒவ்வொன்றும் வெளிவரும்போது எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு உயரத்துக்குக் கணினித் திரையில் ஒரு கூம்பு எழும். தெரிந்த அளவு நஞ்சைக் கொண்டு முன்கூட்டியே வரைந்து வைத்த கூம்போடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும்.

ஒளியைக் கொண்டு பொருளை அறிவதில் நம் தமிழருக்கும் ஒரு பெயர் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928 பெப்ரவரி 28ஆம் திகதி கல்கத்தாவில் கண்ட ‘இராமன் விளைவு’ இன்று கையடக்கக் கருவியாக வந்துவிட்டது. பொருளின் மேல் ஒளிக்கற்றையை விட்டு, சிதறி வரும் ஒளியின் மாற்றத்தை அளந்தால் அது இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம். தேங்காய் எண்ணெய்யில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க இம்முறை உதவும்.

கலப்படம் வேறு, நஞ்சு வேறு

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. 2021இல் பலருடைய கைத்தொலைபேசிகளுக்கும் ஒரு யோசனை வந்தது. எண்ணெய்யைக் குளிரூட்டியில் வையுங்கள், உறைந்தால் நல்லது, உறையாவிட்டால் நஞ்சு என்று. சகோதரிகளே, அது நஞ்சைக் காட்டும் சோதனையே அல்ல. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும் என்பது உண்மை. ஆனால் பாம் எண்ணெய்யும் குளிரூட்டியில் கலங்கி உறையும், ஆகவே கலப்படத்தைக் காட்டுவதிலேயே அது நம்பத்தக்கதல்ல. அஃப்ளடொக்சின் உள்ள சுத்தமான தேங்காய் எண்ணெய் அழகாக வெள்ளை வெளேரென்று உறைந்து நிற்கும்! பொரிக்கும் சூட்டில் நஞ்சு முழுதாக அழிந்துவிடும் என்பதும் சரியல்ல. தேங்காய் எண்ணெய் சட்டியில் கொதிக்கும் சூட்டுக்கெல்லாம் பீ1 எளிதில் சிதையாது.

இந்த நஞ்சு என்ன செய்யும்? நேரே ஈரலைத் தாக்கும். சிறிது சிறிதாகப் பல்லாண்டுகள் உள்ளே போனால் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். ஈரலழற்சி பீ கிருமி உள்ளவர்களுக்கு அபாயம் பன்மடங்கு. மொத்தமாக ஒரே காலத்தில் போனால் உயிரையே எடுக்கும். 1974இல் இந்தியாவின் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை வேறு வழியின்றி உண்ட ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ 400 பேர் நோயுற்றார்கள், 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து எழுதினார்கள். 2004இல் கென்யாவில் இதே சோளத்தால் 125 பேர் இறந்தார்கள். தேங்காய் எண்ணெய்யால் அப்படி நடந்ததாகச் செய்தி இல்லை, வீணாகப் பயப்பட வேண்டாம்.

பேராதனையில் 1969

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். 2021இல் இது ஏதோ கப்பலில் வந்த புதிய சங்கதி போலப் பேசினோம். ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் கேட்டார்: “புதுசா? 1969லேயே பேராதனையில கண்டுபிடிச்ச விஷயம் இது.”

உண்மைதான். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நுண்ணுயிரியல் கற்பித்த ஆர்சகுலரத்னவும் அவருடைய குழுவினரும் துருவிய தேங்காயில் இந்தப் பூஞ்சணத்தை வளர்த்துப் பார்த்தார்கள். நஞ்சை உண்டாக்கத் தேங்காய்ப்பூ மிகச் சிறந்த ஊடகம் என்று கண்டு, 1969இல் அமெரிக்க விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகூடங்களும் தேங்காயில் செய்த ஊடகத்தைப் பயன்படுத்தலாயின. சந்தேகமான பூஞ்சணத்தை அதில் விதைத்து, புறஊதா விளக்கில் பார்ப்பார்கள். நஞ்சு சுரக்கும் வகை என்றால் சுற்றிலும் நீலமாக ஒளிரும். நம் குசினியில் துருவும் அதே தேங்காய்தான், அங்கே ஒற்றன் வேலை பார்க்கிறது!

ஆர்சகுலரத்னவோடு பணியாற்றிய உபாலி சமரஜீவ நம் நாட்டு உணவுகளிலும் தேங்காய் எண்ணெய்யிலும் இந்த நஞ்சு எந்த அளவில் இருக்கிறதென்று தேடினார். வெயிலில் வைத்தால் எண்ணெய்யிலுள்ள நஞ்சு குறைகிறது என்றும் காட்டினார். (அதைக் கேட்டுவிட்டுப் போத்தலைக் கூரையில் வைத்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம், எவ்வளவு மிச்சம் என்பதை அளக்காமல் செய்தால் எண்ணெய் காறிப் போவதுதான் மிச்சம்.)

அப்படியானால் நஞ்சு எங்கே நுழைகிறது? கப்பலிலும் இல்லை, போத்தலிலும் இல்லை. கொப்பரா காயும் இடத்தில் நுழைகிறது. உடைத்த தேங்காயின் பருப்பில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அது ஆறு, ஏழு வீதத்துக்கு இறங்க வேண்டும். பருப்பு ஈரமாகவே கிடக்கும் ஒவ்வொரு நாளும் பூஞ்சணத்துக்கு விருந்து. வெயில் காய்கிறது என்று நம்பிப் பாயில் பரப்புவோம். பின்னேரம் மழை வந்துவிடும். அள்ளிச் சாக்கில் போட்டு மூலையில் வைப்போம். மறுநாளும் வெயில் இருக்காது. மூன்றாம் நாள் திறந்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும்.

அந்தப் பூத்த கொப்பராவை என்ன செய்கிறோம்? நம் தோட்டங்களில் நடப்பதைத்தான் எழுதுகிறேன். துணியால் துடைக்கிறோம், நல்லதோடு கலக்கிறோம், விலையைக் கொஞ்சம் குறைத்து மில்லுக்குப் போடுகிறோம். “எண்ணெய்தானே எடுக்கப் போறாங்க” என்று ஒரு சமாதானம். துடைத்தால் பூஞ்சணம் போகும், பருப்புக்குள் ஊறிய நஞ்சு போகாது. மில்லில் பிழியும்போது அதில் பெரும் பங்கு புண்ணாக்கில் தங்கும், மிச்சம் எண்ணெய்யோடு வரும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் உடலில் பீ1 மாறி எம்1 என்ற வடிவில் பாலில் வெளிவருகிறது. அந்தப் பாலைக் குடிப்பது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. குறையை மறைத்து விற்பதற்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர் என்பதும் உங்களுக்குத் தெரியும். மலேசியாவில் இருந்து வந்த கொள்கலனைப் பற்றி உரத்துப் பேசிய நாம், நம் வாடியில் கிடக்கும் சாக்கைப் பற்றிப் பேசவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

பெரியவர் சொன்ன பரிகாரம் எளிது. உடைத்த அன்றே காய வைக்கத் தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் சிரட்டை எரித்துச் சூளையில் உலர்த்த வேண்டும். நன்றாகக் காய்ந்த கொப்பராவை வளைத்தால் வளையாது, சத்தத்தோடு முறியும். பூத்ததைத் தனியே எடுத்துவிட வேண்டும். எண்ணெய்க்கும் போடக்கூடாது, கோழிக்கும் போடக்கூடாது. நமது மாவட்டத்திலேயே லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1929 முதல் இருக்கிறது. முந்தலில் இருந்து பஸ் ஏறினால் அரைநாளில் போய் வரலாம். சூளை போட விரும்பும் குடும்பங்கள் அங்கே போய்க் கேட்பது நல்லது.

ஆய்வுகூடங்கள் முரண்பட்டால்?

இன்னொரு சகோதரி கேட்டார்: “ஒரு ஆய்வுகூடம் இருக்கு என்குது, இன்னொன்று இல்ல என்குது. யாரை நம்புறது?” 2013 ஓகஸ்டில் அப்படி நடந்தது. நியூசிலாந்துப் பால்மாவின் சில தொகுதிகளில் டீசீடீ என்ற இரசாயனம் இருப்பதாக நமது கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் பரிசோதனை கூறியது. புல் நிலத்துக்குத் தெளிக்கும் பொருள் அது. நிறுவனமோ தன் பரிசோதனையில் இல்லை என்றது.

இதை இரசாயனவியலாளர் சகோதரியிடம் கேட்டேன். அவர் அந்தப் பால்மா பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார்: “இயந்திரம் பொய் சொல்றது குறைவு, ஹஸ்ரத். மாதிரி எடுக்கிற கைதான் முக்கியம். ஒரு சாக்கு நிலக்கடலையில நஞ்சு நாலஞ்சு பருப்புல மட்டும் இருக்கும். மேலால ஒரு பிடி அள்ளினா ஒன்டும் இல்ல என்டு வரும். அந்த நாலுல ஒன்டு கையில வந்தா முழுச் சாக்கும் நஞ்சு என்டு வரும். எண்ணெய் கலந்து போற சாமான், அதால அதுல மாதிரி எடுக்கிறது லேசு. கடலையும் காய்ந்த மிளகாயும்தான் எங்களுக்குச் சோதனை.”

எந்த ஆய்வுகூடம் என்பதோடு, எங்கிருந்து, எத்தனை இடத்தில், எவ்வளவு எடுத்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அறிக்கையில் அவை எழுதப்பட்டிருக்கும். பத்திரிகைச் செய்தியில் இருக்காது.

நமக்கு வீட்டில் அந்த உருக்குக் குழாயும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனாலும் நிலக்கடலையில் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கசப்பதையும் பொறுக்கி எறியலாம், அந்த நஞ்சு பெரும்பாலும் அவற்றில்தான் குவிந்திருக்கும். ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்த தேங்காயில் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைத் துருவாதீர்கள். மிளகாயை அரைக்கக் கொடுக்குமுன் வெயிலில் போட்டு, காம்பு கறுத்ததை நீக்கிக் கொடுங்கள். பெயரும் திகதியும் இல்லாத போத்தலில் எண்ணெய் வாங்கினால் பின்னால் யாரிடமும் கேட்க முடியாது. சந்தேகம் வந்தால் எண்ணெய்யைக் கொட்டிவிடாமல், மூடி இறுக்கிய போத்தலையும் லேபலையும் கடைத் துண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீங்கள் கொண்டு போன திறந்த போத்தல் அவருக்குச் சான்றாகப் போதாது என்பதால், எந்தக் கடை, எந்தத் தொகுதி இலக்கம் என்ற விவரத்தை மறக்காமல் எழுதிக் கொடுங்கள். அவர் போய் எடுக்க வேண்டியது அதே தொகுதியின் மூடி திறக்காத போத்தல்களை.